ஒரு 'டு'வுக்கும் ஒரு 'இங்'குக்கும் நடுவே

'ஐ ட்ரைடு டு ஓபன் தி விண்டோ.' ஜன்னலோடு ஒருவர் மல்லுக்கட்டியிருக்கிறார். அது அசைந்து கொடுக்கவில்லை. 'ஐ ட்ரைடு ஓபனிங் தி விண்டோ.' இந்த ஜன்னல் முரண்டு பிடிக்காமல் திறந்துவிட்டது; ஆனாலும் புழுக்கம் தீரவில்லை. இரண்டிலும் அதே ஆள், அதே ஜன்னல், அதே வினை. 'டு' போய் 'இங்' வந்ததும் தோல்வி ஜன்னலிலிருந்து காற்றுக்கு இடம் மாறிவிடுகிறது.

ஆங்கிலம் படிக்கிறவர்களை அலைக்கழிக்கும் இந்த மாதிரி இரட்டை வினைத்தொடர்களை இலக்கணத் தொல்லை என்று தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு அவை ஆரபி, தேவகாந்தாரி ராகங்கள் மாதிரி. ஏறக்குறைய அதே ஸ்வரங்கள்தான். ஆனால் ஒன்றைப் பாடும்போது மற்றதன் சாயல் விழுந்தால் சபையில் நாலு தலை நிமிரும். பிரித்துக் கேட்கப் பழகியவருக்கே அந்த ருசி கிடைக்கும்.

தமிழ் பேசுகிறவருக்கு ஜன்னல் வாக்கியத்தில் சிரமமே இருக்கக் கூடாது. 'திறக்கப் பார்த்தேன்' என்றால் முடியவில்லை என்று அர்த்தம். 'திறந்து பார்த்தேன்' என்றால் முடிந்தது, பலன் இல்லை. முன்னதில் கை தோற்றது, பின்னதில் யோசனை தோற்றது. இந்த இரண்டு எச்சங்களும் நம் வாயில் தாமாகவே இடம் பார்த்து உட்கார்ந்துகொள்கின்றன. யாரும் நின்று தேர்ந்தெடுப்பதில்லை. தாய்மொழியின் சௌகரியம் அது. அதன் நுட்பம் கண்ணில் படாமல் போவதற்குக் காரணமும் அதுதான். அந்நிய மொழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்பவருக்குத்தான் தெரு தெரியும்.

கொஞ்சம் நின்று பார்ப்போம். 'ரிமெம்பர் டு லாக் தி டோர்' என்பது வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் சொல்வது. பூட்டு இன்னும் விழவில்லை. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்' என்பது பஸ் ஏறிய பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். 'ஸ்டாப்டு டு டாக்' என்றால் நடந்துகொண்டிருந்தவர் பேசுவதற்காக நின்றார். 'ஸ்டாப்டு டாக்கிங்' என்றால் பேச்சை நிறுத்தினார். 'டு' வருவதைப் பார்க்கிறது, 'இங்' நடப்பதையும் நடந்ததையும் பார்க்கிறது. விதி கையில் கிடைத்துவிட்டது என்று நிமிரும்போதே 'லைக்' வந்து கலைக்கும். 'ஐ லைக் ஸ்விம்மிங்' என்பவருக்கு நீச்சலில் சுகம். 'ஐ லைக் டு கெட் மை பிளட் பிரஷர் செக்டு எவ்ரி மன்த்' என்பவருக்கு அதில் ஒரு சுகமும் இல்லை. செய்வது நல்லது என்று நினைக்கிறார், அவ்வளவுதான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இந்தப் பேதம் இன்னும் உயிரோடிருக்கிறது. அமெரிக்கர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

வினைக்குப் பின்னால் வரும் சின்னச் சொல் அந்நியரைப் படுத்தும் பாட்டை 1755-லேயே சாமுவேல் ஜான்சன் தம் அகராதியின் முன்னுரையில் குறித்துவிட்டார். 'கம் ஆஃப்', 'பிரேக் ஆஃப்' போன்ற சேர்க்கைகளில்தான் வெளிநாட்டார் மிகவும் திணறுகிறார்கள் என்பதால் அவற்றைக் கவனமெடுத்துத் தொகுத்ததாகவும் சொன்னார். ஆனாலும் அது ஆங்கிலேயருக்கான அகராதி. கற்பவருக்காகவே அகராதி செய்யும் கலை வளர்ந்தது வெளியூர் வகுப்பறைகளில். மைக்கேல் வெஸ்ட் டாக்காவில் பாடம் நடத்தினார். ஹாரல்ட் பாமர் 1922-ல் ஜப்பானியக் கல்வி அமைச்சுக்கு ஆலோசகராக டோக்கியோ போனார். இரண்டு வருஷம் கழித்து ஜப்பானுக்கு ஆங்கில வாத்தியாராகப் போன ஏ.எஸ். ஹார்ன்பி, பின்னர் அவருடன் சேர்ந்துகொண்டார்.

ஜப்பானிய மாணவர்களின் தடுமாற்றத்திலிருந்து ஹார்ன்பி கற்றுக்கொண்டது சாதாரணமானதல்ல. 'டெல் மீ தி ரீசன்' சரி. 'எக்ஸ்ப்ளெயின் மீ தி ரீசன்' ஏன் சரியில்லை? 'அட்வைஸ் மீ டு கோ' சரி. 'சஜஸ்ட் மீ டு கோ' ஏன் கூடாது? 'எனக்கு விளக்கு', 'எனக்கு யோசனை சொல்' என்று பழகிய நம் நாக்கும் இங்கேதான் சறுக்கும். லண்டனில் பிறந்த ஒருவரைக் கேட்டால் 'அப்படிச் சொல்ல மாட்டோம்' என்பதற்கு மேல் அவரிடம் பதில் இருக்காது. எந்த வினை தனக்குப் பின்னால் எதை ஏற்கும், எதை ஏற்காது என்று 25 வாய்பாடுகளாகப் பிரித்து, அகராதியிலேயே குறித்து வைத்தார் ஹார்ன்பி. கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்ற இருவருடன் சேர்ந்து அவர் செய்த அந்த அகராதி 1942-ல் டோக்கியோவில் அச்சானது. அப்போது ஜப்பானும் பிரிட்டனும் போரில் இருந்தன. ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தன் பெயரில் வெளியிட்டது 1948-ல். இன்று நம் பிள்ளைகள் புரட்டும் 'ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி' அதன் வாரிசுதான்.

அடுத்த பெரிய பாய்ச்சல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜான் சின்க்ளேர் தலைமையில் அச்சிலும் பேச்சிலும் வந்த ஆங்கிலத்தைக் கணினியில் குவித்து, ஒவ்வொரு சொல்லும் யாருடன் சேர்ந்து வருகிறது என்று வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். 1987-ல் வெளிவந்த 'கோபில்டு' அகராதி அதன் பலன். அந்த ஆராய்ச்சியில் சின்க்ளேர் காட்டிய ஒரு சின்ன விஷயத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 'பிகின்', 'ஸ்டார்ட்', 'செட் இன்' எல்லாமே தொடங்குவதுதான். ஆனால் 'செட் இன்' ஆகிறவை எவை? அழுகல், தொற்று, விரக்தி, கசப்பு, மரமரப்பு. சந்தோஷம் 'பிகின்' ஆகும், அநேகமாக 'செட் இன்' ஆகாது. வந்தது நல்லதல்ல, சீக்கிரம் போகவும் போகாது என்ற முனகல் அந்த இரண்டு அசைகளுக்குள் இருக்கிறது.  தலைமுறை தலைமுறையாக ஆங்கிலேயர்கள் அதைத் தவறாமல் கடைப்பிடித்தார்கள், தாங்கள் கடைப்பிடிப்பது தெரியாமலேயே.

நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? 'வந்தான்' என்பதற்கும் 'வந்து தொலைந்தான்' என்பதற்கும் நடுவே உள்ளது அதே முனகல்தானே! பயணியின் வருகையில் வித்தியாசம் இல்லை, வாசலில் நிற்பவரின் மனசில்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜூன் முதல் தேதியை ஒட்டி, தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் 'செட் இன்' ஆகிவிட்டது என்று இந்திய வானிலைத் துறை அறிவிக்கிறது. லண்டன்காரருக்கு மழை 'செட் இன்' ஆனால் அன்றைய பொழுது பாழ். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் குற்றாலச் சாரலை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு அதே சொல் நல்ல சேதி. அங்கே முகம் சுளிக்கவைக்கிற தொடர் இங்கே வெற்றிலை பாக்கோடு வந்து நிற்கிறது. அதை இங்கே பிழையென்று சொல்ல எனக்கு மனமில்லை. பருவம் வந்து நிலைகொள்வது என்ற பழைய பொருள் ஆங்கிலத்திலேயே இருப்பதுதான். முனகலை மட்டும் நாம் இறக்கிவிட்டோம்.

அதனால்தான் அர்த்தப் பட்டியலை மனப்பாடம் செய்கிற வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'செட் இன் என்றால் தொடங்குதல்' என்று நோட்டில் எழுதியவர், 'ஹேப்பினெஸ் செட் இன் ஆஃப்டர் தி வெட்டிங்' என்று எழுதி, கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசிவிடுவார். பொருள் அகராதியின் முதல் வரியில் கிடைத்துவிடும். குணம் உதாரண வாக்கியங்களில்தான் கிடைக்கும். கற்பவர் அகராதி எதையாவது எடுத்து 'கெட்', 'புட்', 'செட்' ஆகிய மூன்று வினைகளில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பொருளைத் தாண்டி, சாய்வெழுத்தில் உள்ள உதாரணங்களை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். சந்தேகப்படும் இரண்டு தொடர்களின் உதாரணங்களையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதி வையுங்கள். எதை எங்கே சொல்வது என்று ஒரு நாள் காதே சொல்லிவிடும்.