வாட்ஸ்அப் பிசினஸ்: எண்ணைச் சேமித்தவருக்கே செய்தி

மதுரையில் சுங்குடிப் புடவை விற்கும் உறவினர் ஒருவரின் சிறு கடைக்காகச் சில வாரங்களாக வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை நாள்தோறும் கையாண்டு வருகிறேன். 2018 ஜனவரியில் வெளிவந்த இச்செயலியில் கடையின் முகவரி, வேலை நேரம், சரக்கின் படமும் விலையும் காட்டும் கேட்டலாக், கடை மூடியிருக்கையில் தானாகவே செல்லும் பதில் ஆகியவையெல்லாம் உண்டென்பது வியாபாரிகள் நன்கறிந்த விஷயமாதலால், அவற்றை விவரித்து வாசகரின் பொறுமையைச் சோதிக்க விரும்பவில்லை. பெயர்ப்பலகையில் பல காலமாக எழுதப்பட்டிருக்கும் தரைவழித் தொலைபேசி எண்ணைக் கொண்டே இதில் பதிவு செய்துகொள்ளலாம் என்ற சௌகரியத்தை மட்டும், பழைய கடைக்காரர்களின் பொருட்டுக் குறிப்பிட்டுவிடுகிறேன்.

என் மனத்தை முழுவதும் ஆட்கொண்டது ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ என்னும் ஏற்பாடு. ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்த்து அவர்கள் அனைவருக்கும் ஒரே சமயத்தில் செய்தி அனுப்பலாம். பெறுகிறவருக்கோ அது தமக்கென்றே எழுதப்பட்ட கடிதத்தைப் போல வந்து சேர்கிறது. பட்டியலில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் எழுதும் பதிலும் கடைக்காரர் ஒருவருக்கே போகிறது. ஆனால் ஒரு நிபந்தனை: எவர் கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறாரோ அவருக்கு மட்டுமே அச்செய்தி சேரும்.

விளம்பர ஆலோசகர்கள் பலர் இதைப் பெருங்குறை என்பார்கள். இச்செயலியின் தலையாய குணமே இதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் ஊர்களில் பல்லாயிரம் எண்களை மொத்தமாக விலைக்குக் கொடுக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். என்றோ ஒரு பரிசுச் சீட்டில் எண்ணை எழுதிக்கொடுத்த ஒரே காரணத்தால், முன்பின் அறியாத கடைகளின் தள்ளுபடிச் செய்திகளை அகாலத்தில் பெற்று அவதிப்படும் குடும்பத் தலைவியிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. இந்தத் தொல்லை பெருகிய பிறகுதான் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் புதிய விதிகளை வகுத்தது. மின்னஞ்சலிலும், நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோரின் விளம்பரங்களில் ஒரே சொடுக்கில் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்றும், அவர்கள்மீது வரும் புகார் 0.3 சதவீதத்தைத் தொடலாகாது என்றும் ஜிமெயில் 2024-இல்தான் நிர்ப்பந்தித்தது. அங்கெல்லாம் பின்னால் வந்த சட்டம், இங்கே கருவியின் அமைப்பிலேயே கலந்திருக்கிறது. இனி வேண்டாம் என்று நினைக்கும் வாடிக்கையாளர், காரணம் சொல்லாமலே எண்ணை அழித்துவிடலாம்.

இதனால் கடையில் விளைந்த மாறுதலே விசேஷமானது. எண்ணைச் சேமிக்கும்படி பில் போடும்போது வாய்விட்டுக் கேட்டாக வேண்டும்; கேட்டால், சேமிப்பதால் தமக்கு என்ன பிரயோஜனம் என்று புடவை வாங்க வந்த அம்மாள் வினவுவாள்; அதற்கு விடை சொல்லும் கடமை கடைக்காரருக்கு உண்டாகிறது. காலை வணக்கப் படங்களையும் பண்டிகை வாழ்த்துகளையும் அறவே நிறுத்திவிட்டு, புதிய சரக்கு வந்த நாளில் அதன் படத்தையும் விலையையும், கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த புடவையை முதல் தடவை எப்படி அலச வேண்டும் என்ற குறிப்பையும் மட்டுமே அனுப்பச் செய்தோம். பதில்கள் வருகின்றன, அரக்கு நிறத்தில் உண்டா, மகளுக்கும் ஒன்று எடுத்து வைக்க முடியுமா என்று மனிதர்கள் மனிதரிடம் கேட்கும் கேள்விகளாகவே அவை இருக்கின்றன.

இத்தனை நல்ல நிபந்தனையைச் சிறு வியாபாரிக்கு விதித்த, வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனம், பெரிய கம்பெனிகளுக்கென்று கட்டணத்துக்கு நடத்தும் தளத்தில் அதை விதிக்காதது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. பெறுகிறவரின் இசைவு வேண்டும் என்ற விதி அங்கும் உண்டெனினும், அந்த இசைவைப் பெறும் பொறுப்பு அனுப்புகிறவரிடமே விடப்பட்டிருக்கிறது. முனைக்கடைக்காரர் கட்டுப்படும் நியாயத்துக்கு வங்கியும் காப்பீட்டுக் கம்பெனியும் கட்டுப்படுவதில் என்ன தடை?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்தி சென்றபின் அதன் விவரப் பக்கத்தைத் திறந்து, யார் யாருக்குச் சேர்ந்தது என்று பார்த்துக்கொள்வது நலம். தொடர்ந்து சேராதவர்கள் பெரும்பாலும் எண்ணைச் சேமிக்காதவர்களே. அவர்கள் அடுத்த முறை கடைக்கு வரும்போது நேரில் கேட்டுக்கொள்ளலாம். 257-ஆவது வாடிக்கையாளருக்கு இரண்டாவது பட்டியல் ஒன்று தொடங்கினால் போதும்.