வரைவிலக்கணத்துக்குள் அடங்காத களப்பு

தொடக்க வகுப்புகளில் நில உருவங்களையும் நீர்நிலைகளையும் கற்பிக்கப் பழகிப்போன வழி ஒன்று உண்டு. மலை, சமவெளி, ஆறு, ஏரி, தீவு, குடா, முனை எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒருவரி வரைவிலக்கணம் எழுதிப் பாடமாக்க வைப்பது. இதை வெறும் மனப்பாடம் என்று தள்ளிவிடுவது நியாயமல்ல. கிழக்கிலங்கையின் நாவிதன்வெளிப் பிள்ளைக்குப் பனிமலையைக் காட்ட வேறு வழியில்லை. உழைக்கப்போன தகப்பன் இருக்கும் கட்டாரும் யாழ்ப்பாணமும் குடாநாடுகளே என்று ஒப்பிட்டு விளங்கிக்கொள்ள அந்த ஒருவரிதான் கைகொடுக்கிறது.

ஆனால் அந்தப் படத்தில் காலம் இல்லை. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குப் போகும் வழியில் உள்ள கிட்டங்கித் தாம்போதி கோடையில் வீதி. மாரி கனத்தால் அதன்மேலே வெள்ளம் பாய்ந்து போக்குவரத்து நின்றுவிடும். அந்த இடம் நிலமா, நீரா? பக்கத்தில் கிடக்கும் மட்டக்களப்பு வாவியும் அப்படித்தான். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்ட இந்தக் களப்பின் வாயை மணல்மேடு அடைத்திருக்கும்போது அது ஏரியின் வரைவிலக்கணத்துக்குள் அடங்கும். மாரி வெள்ளம் மேட்டை உடைத்தாலோ, வயல் மூழ்காமலிருக்க ஆட்கள் வெட்டிவிட்டாலோ, கடல் உள்ளே வரும். உப்பு ஏறும், மீனும் இறாலும் மாறும். படம் மறைக்கும் இன்னொன்று மனிதக் கை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனநாயக்க சமுத்திரம் உருவானது. இப்பகுதியின் இலக்கமிட்ட குடியேற்றக் கொலனிகள் அந்தத் திட்டத்தோடு வந்தவை. சமுத்திரத்தின் வான்கதவு திறந்தால் கீழே தாழ்நிலத்தில் நீர் ஏறுகிறது. பாடப்படத்திலோ இயற்கை ஏரிக்கும் இதற்கும் ஒரே நீலம்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் சொன்னால் குழம்பிவிடாதா என்று கேட்பார்கள். பாதை எப்போது மூடும் என்பது இங்குள்ள பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். பள்ளிக்கூடம் அதைக் கேட்பதில்லை, அவ்வளவுதான். எளிமைப்படுத்தல் வேண்டியதே. ஆனால் எதை விட்டு எளிமைப்படுத்துகிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2024 நவம்பர் 26இல் காரைதீவுக்கு அருகே மாவடிப்பள்ளியில், வெள்ளம் மூடிய வீதியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்தார்கள். பாடம் சரியாக இருந்திருந்தால் அது நடந்திராது என்பது அபத்தம். பிள்ளைகளின் பயணத்தை முடிவுசெய்வது பெரியவர்கள். எனினும், வரைபடத்தில் வீதியாக உள்ள இடம் ஒரு பருவத்தில் ஆற்றின் பாதை என்பது இந்தக் கரையோரத்தில் அடிப்படைப் புவியியல். அதை மேலதிகத் தகவலாக ஒதுக்க முடியாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு. பாடத்திட்டம் நாடு முழுவதற்கும் ஒன்று. நுவரெலியாப் பிள்ளைக்குக் கிட்டங்கி எதற்கு? கிட்டங்கி என்ற பெயர் அங்கே தேவையில்லைதான். எந்த நீர்நிலையைக் காட்டினாலும் இது எப்போது இப்படி இருக்கும், யார் ஆக்கியது என்ற இரண்டு கேள்விகள் போதும். நுவரெலியாவின் கிரகரி வாவியும் 1873இல் மனிதர் ஆக்கியதே. துறைமுகம் கட்டிய பின் கரை அரித்த ஒலுவிலிலும் அதே கேள்விகள் செல்லும். வெள்ளத்தில் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டவும் தேவையில்லை. ஒரே இடத்தை ஆவணியில் ஒருதரம், மார்கழியில் ஒருதரம் என்று கொப்பியில் வரைய ஒரு பாடவேளை தாராளம். இடறுவது பரீட்சையில்தான்: ஒரு கோடிட்ட இடத்துக்கு ஒரு சொல் என்று கேட்கும் வினாத்தாளில் இரண்டாவது படத்துக்குப் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாததை எந்த ஆசிரியரும் நெடுநாள் கற்பிக்கமாட்டார். அதற்காக அவரைக் குறைசொல்லவும் முடியாது.