புகழ் முடிந்து நிலம் தொடங்கும் இடம்

மயிலாப்பூர், தி.நகர் பக்கம் பழைய வீட்டுக் கூடங்களில் தாமிரப் பத்திரம் ஒன்றைப் பார்க்க நேரலாம். சுதந்திர வெள்ளிவிழா ஆண்டான 1972இல் தியாகிகளுக்கு மத்திய அரசு வழங்கியது. மரியாதைக்குரிய பொருள்தான், ஆனால் கைவேலை என்று பார்த்தால் சொல்ல ஒன்றுமில்லை. செம்பில் ஓர் அரசு எப்படிப் பேசும் என்று அறிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

அங்கே திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இருக்கின்றன. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை, 1905இல் கிடைத்தவை. 31 ஏடுகளும் ஒரே வளையத்தில் கோத்தவை. வளையம் கூடும் இடத்தில் முத்திரை: புலி, பக்கத்தில் இரண்டு கயல், வில், மேலே குடை, சாமரங்கள். பாண்டியனையும் சேரனையும் வென்ற சேதியை ஓர் உள்ளங்கை அகலத்தில் அடக்கிவிட்டான் அந்த வார்ப்புக்காரன். வளையத்தை அறுக்காமல் இடையில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ முடியாது.

முன்பகுதி சமஸ்கிருதம். நாராயணன் என்ற கவி சோழர் குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்கிப் பாடிக்கொண்டு வருகிறார். அலங்காரம் அதிகம். என் ருசிக்குத் தமிழ்ப் பகுதிதான் பெரிது. பழையனூர் என்ற ஊரைக் கோயிலுக்குக் கொடுக்கிறார்கள். எல்லை காண ஒரு பெண் யானையை நடக்கவிடுகிறார்கள். அது சுற்றிவந்த வழியில் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். வாய்க்கால், மேடு, பக்கத்து ஊர் என்று எழுத்தும் யானையின் பின்னாலேயே போகிறது. ஆவணம் இலக்கியமாவது இந்த இடத்தில்தான், கவி பாடியபோதல்ல.

கொடை கோயிலுக்கில்லாமல் ஒரு குடும்பத்துக்கானால் கதை சூடுபிடிக்கும். வேள்விக்குடிச் செப்பேட்டில் காமக்காணி நற்சிங்கன் என்பவன் மதுரைத் தெருவில் நின்று பாண்டியன் நெடுஞ்சடையனிடம் முறையிடுகிறான்: முதுகுடுமிப் பெருவழுதி என் முன்னோருக்குக் கொடுத்த ஊர், களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று. உன் பழமையைக் காட்டிப் பெற்றுக்கொள் என்கிறான் அரசன். எட்டாம் நூற்றாண்டு.

ஸ்பெயினிலும் இப்படித்தான். பதினாறாம் நூற்றாண்டில் வயாதோலித், கிரனாதா நீதிமன்றங்களில் பிரபுக் குலத்தான் என்று வழக்காடி வென்றவனுக்கு அரசன் பெயரால் தோல் ஏட்டுப் பத்திரம் கிடைக்கும். முதல் பக்கத்தில் மாதாவின் முன் மண்டியிட்ட குடும்பத்தின் வண்ண ஓவியம். பட்டு நூலில் தொங்கும் ஈய முத்திரை. பெருமையோடு வரிவிலக்கும் உண்டு; வழக்குக்குச் செலவழித்தது சும்மா அல்ல.

ஓவியத்தைப் புரட்டினால் உள்ளே சாட்சிகளின் வாக்குமூலங்கள்: இவன் அப்பனும் பாட்டனும் வரி கட்டிப் பார்த்ததில்லை என்று ஊர்க் கிழவர்கள் சொன்னவை. நற்சிங்கனும் தன் பழமையை நாட்டாரைக் கொண்டுதான் காட்டினான். ஊர் திரும்பக் கிடைத்தது.