ஜஸ்டின் வெர்னன்: தனிக்குரலும் கூட்டிசையும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஜஸ்டின் வெர்னன் பாட்டெழுதிப் பாடி, தலைமையேற்று நடத்திவரும் இண்டி ஃபோக் இசைக்குழு பான் ஈவேர். கிட்டாரும் குரலும் முதன்மையாக, பாடல்களை வீட்டிலேயே பதிவுசெய்யும் வழக்கம் இவ்வகை இசையில் முன்பே உண்டு. அயர்ன் அண்ட் ஒயின் என்ற பெயரில் பாடும் சாம் பீமின் முதல் தொகுப்பு 2002இல் அப்படி வந்ததுதான்.

1981இல் ஓ கிளேர் நகரில் பிறந்த வெர்னன், பள்ளி நாள்களிலிருந்தே குழுவாக இசைத்துப் பழகியவர். 2005இல் டியார்மண்ட் எடிசன் குழு நண்பர்களோடு வட கரோலினாவின் ராலே நகருக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டே குழு உடைந்தது, உடல்நலமும் கெட்டது. ஊர் திரும்பியவர், 2006-07 குளிர்காலத்தில் தந்தையின் வேட்டைக் குடிலில் தங்கிப் பதிந்த பாடல்களே பான் ஈவேரின் முதல் தொகுப்பான 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'. 2007இல் அவரே சில நூறு பிரதிகள் வெளியிட்டார். 2008இல் ஜாக்ஜகுவார் நிறுவனம் அதைப் பரவலாகக் கொண்டுசென்றது.

பனிக்காட்டில் தனித்திருந்த பாடகர் என்ற கதை பாடல்களையும் முந்திக்கொண்டு பரவியது. கதை பொய்யல்ல. ஆனால் தொகுப்பில் கேட்பது தனிக்குரல் அன்று. இயல்பில் கனத்த குரல் கொண்ட வெர்னன், அங்கே கள்ளக்குரலில் (ஃபால்செட்டோ) ஏறிப் பாடினார். அந்தக் குரலையே மீண்டும் மீண்டும் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். தனியாளாக இருந்தபோதும் அவர் தேடியது சேர்ந்திசைதான். முதலில் பொருளற்ற ஒலிகளால் மெட்டைப் பாடிவிட்டு, அவற்றுக்கு இசைந்த சொற்களைப் பின்னர் எழுதினார். அதனால் வரிகளின் பொருள் சட்டென்று பிடிபடாது. துயரம் உடனே பிடிபடும்.

அந்த அடுக்குகளை மேடையில் பாட ஆட்கள் தேவைப்பட்டனர். ஷான் கேரி பாடல்களைக் கேட்டே தாளமும் துணைக்குரலும் கற்று வந்து சேர்ந்தார். ஃபால் கிரீக்கில் இருந்த பழைய கால்நடை மருத்துவமனை ஒன்று ஏப்ரல் பேஸ் ஒலிப்பதிவுக்கூடம் ஆனது. 2011இல் வெளியான இரண்டாம் தொகுப்பில் சாக்ஸபோன், பெடல் ஸ்டீல் கிட்டார், வயலின் என இசை விரிந்தது. சிறந்த புதிய கலைஞர், சிறந்த மாற்றிசைத் தொகுப்பு என 2012இல் இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. இதற்கிடையே, குரலை மட்டுமே அடுக்கி அவர் பாடிய 'வுட்ஸ்' பாடலை 2010இல் கான்யே வெஸ்ட் தம் பாடலொன்றில் எடுத்தாண்டார்.

வெர்னனின் துணிச்சலான படைப்பு 2016இல் வந்த '22, எ மில்லியன்'. ஒலிப்பொறியாளர் கிறிஸ் மெசினாவோடு அமைத்த கருவி, அவர் பாடப்பாடவே கீபோர்டில் அழுத்தும் சுரங்களுக்கேற்பக் குரலைப் பல குரல்களாக்கியது. குடிலில் ஒவ்வொன்றாக அடுக்கியது இங்கே ஒரே மூச்சில் நிகழ்ந்தது. ஆகவே இதை முந்தைய இசையிலிருந்து விலகல் என்று சொல்வது பொருந்தாது.

2019இல் வந்த 'ஐ, ஐ' தொகுப்பின் தயாரிப்பில் டியார்மண்ட் எடிசன் காலத்து நண்பர் பிராட் குக் பங்கேற்றார். அதற்கு முன்பே இசைக்கலைஞர் ஆரன் டெஸ்னரோடு சேர்ந்து வெர்னன் ஓ கிளேரில் இசைவிழா நடத்தியிருந்தார். 2020இல் டெய்லர் ஸ்விஃப்ட்டோடு 'எக்ஸைல்' பாடினார். 2024இல் 'சேபிள்' என்ற குறுந்தொகுப்பு மூன்று பாடல்களோடு கிட்டாருக்குத் திரும்பியது. அவற்றை முற்பகுதியாகக் கொண்டு, சோல் இசைச் சாயலோடும் பாடகி டேனியல் ஹைம் முதலியோரின் குரல்களோடும் 'சேபிள், ஃபேபிள்' 2025 ஏப்ரலில் வெளிவந்தது.