தேருநர் இடாப்பும் இளந்தலைமுறையும் – ஒரு விமர்சன நோக்கு

இளைஞர் தேர்தலில் அக்கறையற்றோர் என்னும் குற்றச்சாட்டுத் தேர்தல்தோறும் எழுவது வழக்கம். மேடைப் பேச்சாளர் இதனைக் கூறுவர், பத்திரிகைகள் ஆசிரியத் தலையங்கம் தீட்டும், மூத்தோர் தலையசைப்பர். இக்குற்றச்சாட்டில் உண்மை எத்துணை என்பது பின்னர் ஆராயத்தக்கது. அதற்கு முன்னர் தெளிவுபடுத்த வேண்டியது ஒன்றுண்டு. வாக்களிக்கச் செல்லாத இளைஞன் வேறு. செல்ல விரும்பியும் இடாப்பிற் பெயர் இல்லாத இளைஞன் வேறு. முன்னவன் வாக்களியாதோர் வரிசையிலேனும் எண்ணப்படுகிறான். பின்னவன் எந்த வரிசையிலும் இல்லை. இலங்கையின் தேருநர் பதிவு முறை இப்பின்னவனை எவ்வாறு உருவாக்குகிறது, 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அக்குறையை எவ்வளவு போக்கியது என்பவற்றை, யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே கடனீரேரியின் கரையில் அமைந்த கொழும்புத்துறையை முன்னிறுத்தி நோக்குவது இக்கட்டுரையின் எண்ணம்.

யாழ்ப்பாணத்து இளைஞர்க்கும் வாக்குரிமைக்கும் உள்ள உறவு ஒரு மறுப்பிலேயே தொடங்கியது என்பது சுவையான செய்தி. டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்த 1931ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அத்திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை எனக் கூறித் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அறைகூவியது. நியமனப் பத்திரம் தாக்கல் செய்யும் நாளாகிய மே மாதம் 4ஆம் திகதி, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒருவரேனும் முன்வரவில்லை. 1934இலேயே அவ்விடங்கள் நிரப்பப்பட்டன. அந்தப் பகிஷ்காரம் சரியா பிழையா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. இங்கு வேண்டப்படுவது அதிலிருந்து பெறப்படும் ஒரு நுண்ணிய உண்மையே: ஓர் உரிமையை மறுத்தற்கும் அவ்வுரிமை கையில் இருத்தல் வேண்டும். இடாப்பில் இல்லாதவன் பகிஷ்கரிக்கவும் முடியாதவன். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தினால் இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட மலையகத் தமிழ் மக்கள் இதனை நன்கு அறிவர்.

வாக்குரிமை வயது 1959இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. இவ்வகையில் இலங்கை முன்னோடி எனலாம். இந்தியா அதனைச் செய்தது 61ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர், 1989இலேயே. ஆயின் சட்டம் தந்த வயதை இடாப்பு உடனே தருவதில்லை. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டத்தின்கீழ் நெடுங்காலம் யூன் மாதம் 1ஆம் திகதியே தகைமைத் தினமாக விளங்கியது. அன்று 18 நிரம்பியவர் அவ்வாண்டு இடாப்பில் இடம்பெறுவர். மறுநாள் நிரம்பியவர் ஓராண்டு காத்திருப்பர். அத்தோடு அமையாது, தேர்தல் நடைபெறும்போது இறுதியாக அத்தாட்சிப்படுத்தப்பட்ட இடாப்பே பயன்படும். 2019ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தல் 2018ஆம் ஆண்டு இடாப்பைக் கொண்டே நடத்தப்பெற்றது. இதன்படி 2018 யூன் 2ஆம் திகதி 18 வயதை அடைந்த ஒருவர், தேர்தலன்று 19 வயதும் ஐந்து மாதமும் கடந்த நிலையிலும் வாக்களிக்க முடியாதவராயினார். அன்று அவருக்கு இல்லாதது அக்கறையன்று. இடாப்பிலே ஒரு வரி.

2021ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்த அநீதியை நேரே எதிர்கொண்டது. ஆண்டு இடாப்பிற்கான தினம் பெப்ரவரி 1 ஆயிற்று. அதன்பின்னர் 18 வயதை அடைவோரை அவ்வாண்டு வட்டத்தினுள்ளேயே மூன்று தவணைகளிற் சேர்ப்பதற்குக் குறைநிரப்பு இடாப்புகள் ஏற்படுத்தப்பட்டன. இந்தியாவும் ஏறத்தாழ அதே காலத்தில் சனவரி 1 என்ற ஒற்றைத் தினத்தை விட்டு ஆண்டுக்கு நான்கு தினங்களை வகுத்தது. இலங்கைச் சட்டம் பாராட்டுக்குரியது. அதன் ஆக்கத்திற் குறை காண்பது எளிதன்று. ஆனால் அது தீர்த்தது காலம் பற்றிய சிக்கலை. வீடு பற்றிய சிக்கல் அவ்வாறே உள்ளது. இவ்விரண்டாவதே ஆழமானது; பேசப்படாததும் அதுவே.

தேருநர் பதிவு வீட்டை அடிப்படையாகக் கொண்டது. கிராம அலுவலர் கொண்டுவரும் படிவத்தை நிரப்பி ஒப்பமிட்டுக் கொடுத்தல் அவ்வீட்டின் பிரதான குடியிருப்பாளரது சட்டக் கடமை. இளைஞன் தானாகச் சென்று தன்னைப் பதிந்துகொள்வதில்லை; ஒருவரால் பதியப்படுகிறான். இந்தியாவிற் புதிய வாக்காளன் ஆறாம் இலக்கப் படிவத்தைத் தன் பெயரில் தானே நிரப்பி ஒப்பமிடுகிறான். இரு முறைகளிலும் நன்மை தீமை உண்டு. வீட்டுக்கு வீடு செல்லும் முறை எழுத்தறியாதாரையும் சோம்பேறியையும் ஒருங்கே இடாப்பிற் சேர்த்துவிடும். அது ஒரு பெருஞ் சிறப்பு. ஆயின் அம்முறை ஒரு வீட்டைக் கற்பனை செய்கிறது: தந்தை தலைவர், தாய் உடனிருப்பார், பிள்ளைகள் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்து அங்கேயே 18 வயதை அடைவர், விதானையார் எல்லோரையும் முகமறிவார். (தலைமைக்காரர் முறை 1963இல் ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் வந்த பின்னரும், யாழ்ப்பாணத்தார் நாவில் அவர் விதானையாரே.) இத்தகைய வீடுகள் ஒருகாலத்திற் பெரும்பான்மையாக இருந்திருத்தல் கூடும்.

கொழும்புத்துறையின் அண்மைக்கால வரலாறு இக்கற்பனைக்கு இடங்கொடாதது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது இவ்வூரும் பெயர்ந்தது. மீண்டு வந்து வேரூன்ற முயன்ற வேளையில், 2000ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் அரியாலை, கொழும்புத்துறைக் கரைகளுக்கே வந்தது. மீண்டும் மக்கள் வெளியேறினர். சென்றோரிற் சிலர் திரும்பினர். சிலர் வன்னியிலும், சிலர் கொழும்பிலும், பலர் கடல் கடந்தும் தங்கினர். யோகர் சுவாமியின் கொட்டில் இருந்த இவ்வூரின் ஒழுங்கைகளில், இன்று வீட்டுக்கு உரியவர் வேறு, குடியிருப்பவர் வேறு, வளவைப் பார்ப்பவர் வேறு என்ற நிலை புதுமையன்று.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டைக் கற்பித்துக்கொள்ளலாம். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். வீட்டை அவரது தமக்கை பார்த்து வருகிறார். பின் அறைகள் இரண்டும் முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடப்பட்டுள்ளன. அக்குடும்பத்தில் 18 வயது நிரம்பிய மகள் ஒருத்தி. முன்னறையில் பல்கலைக்கழக மாணவர் இருவர். படிவம் வந்தால் அதனை நிரப்புபவர் யார்? தமக்கையார் தம் பெயரையும் தம் பிள்ளைகளின் பெயரையும் எழுதுவார். வாடகைக் குடும்பத்தின் பெயரை எழுதத் தயங்குவார். இடாப்பிற் பெயர் ஏறிவிட்டால் நாளைக்கு வீட்டை விட்டு எழும்பமாட்டார்கள் என்ற அச்சம் வீட்டுக்காரர் மனத்தில் என்றும் உண்டு. அந்த அச்சத்தை முற்றிலும் பழிக்கவும் இயலாது. மாணவர் இருவரும் தத்தம் ஊரிலேயே பதிவு பெற்றிருப்பர் என்று அவர் கருதுவார். ஊரிலோ, பிள்ளை யாழ்ப்பாணத்திற் படிப்பதால் அங்கே பதிந்திருப்பான் என்று தகப்பனார் கருதுவார். ஒருவரும் தீங்கு நினைக்கவில்லை. மூன்று பெயர்கள் விடுபடுகின்றன.

இடாப்பின் வரைவு பார்வைக்கு வைக்கப்படுகிறது என்பதும், விடுபட்டோர் உரிமைக் கோரிக்கை சமர்ப்பிக்கலாம் என்பதும் உண்மையே. ஆனால் அவ்வரைவைத் தேடிச் சென்று பார்ப்பவர், ஏற்கெனவே தம் பெயர் பற்றிக் கவலை கொண்டோராவர். தான் 18 வயதை அடைந்ததாற் சட்டத்திலே தனக்கு ஏதோ நிகழ்ந்துள்ளது என்பதை அறியாத ஒருத்தி எதனைத் தேடிச் செல்வாள்?

திருமணமும் பெயரை இடம்பெயர்க்கும். யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை பெரும்பாலும் பெண் வீட்டுக்குச் செல்வான். வீடு சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்பட்டிருக்கும். படிவத்திலே பிரதான குடியிருப்பாளராக மாமனார் ஒப்பமிடுவார். மருமகன் பெயர் தாய்வீட்டிலும் வெட்டுப்பட்டு மாமனார் வீட்டிலும் ஏறாமற் சில ஆண்டுகள் அந்தரத்தில் நிற்றல் கூடும். தேசவழமை பெண்ணுக்குத் தந்த வீட்டுடைமையைப் படிவம் இன்னும் அறிந்துகொள்ளவில்லை போலும்.

இவ்விடத்தில் இடாப்பின் மற்றொரு முகத்தையும் நோக்குதல் தகும். அது வாக்களிப்பதற்கு மட்டும் பயன்படுவதன்று. முதலாந் தரத்திற்குப் பிள்ளையைப் பாடசாலையிற் சேர்ப்பதற்குப் பெற்றோரின் இடாப்புப் பதிவு வதிவிடச் சான்றாகக் கேட்கப்படும். ஆண்டுக்கணக்கிற்கேற்பப் புள்ளியும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டத்தை நிறுவுவதற்கும் அது வேண்டப்படுவதுண்டு. ஆகவே புகழ்பெற்ற பாடசாலைக்கு அண்மையிலுள்ள உறவினர் வீட்டில் தம் பெயரைப் பதிந்து வைப்பதிற் பெற்றோர் காட்டும் விழிப்பு வியக்கத்தக்கது. ஐந்து வயதுப் பிள்ளைக்காக ஐந்து ஆண்டுகள் முன்னரே இடாப்பைக் கவனிக்கும் அதே பெற்றோர், அப்பிள்ளை 18 வயதை அடையும்போது அதனை மறந்துவிடுகின்றனர். இடாப்பு சமூகத்தில் ஒரு வதிவிடப் பத்திரமாக மதிக்கப்படுகிறதேயன்றி உரிமைப் பத்திரமாக மதிக்கப்படவில்லை என்பதற்கு இதனைவிடத் தக்க சான்று வேண்டியதில்லை.

ஒருவர் இருவர் பெயர் விடுபடுவதால் ஆவதென்ன என்று கேட்கப்படலாம். பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 29 தேசியப் பட்டியலுக்கு உரியவை. மாகாணத்துக்கு நான்காக 36 ஆசனங்கள் ஒதுக்கப்படுகின்றன. எஞ்சிய 160 ஆசனங்களும் மாவட்டங்களிற் பதிவு பெற்ற தேருநர் தொகைக்கேற்பவே பகிரப்படுகின்றன. வாக்களித்தோர் தொகையன்று, பதிவு பெற்றோர் தொகையே இங்குக் கணக்கு. எனவே வாக்களிக்கவே எண்ணாத ஓர் இளைஞனும் இடாப்பில் இருப்பதனாலேயே தன் மாவட்டத்துக்கு ஓர் எடை சேர்க்கிறான். 2010ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலின்போது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 7,21,359 பேர் பதிவு பெற்றிருந்தனர், ஆசனங்கள் 9. பின்னர் இடாப்பு மீளாய்வு செய்யப்பட்டபோது தொகை 4 இலட்சத்து 84 ஆயிரம் அளவுக்கு வீழ்ந்தது. 2011இல் ஆசனங்கள் 6 ஆயின. 2015, 2020ஆம் ஆண்டுத் தேர்தல்களில் 7 ஆக உயர்ந்து, 2024இல் மீண்டும் 6 ஆயிற்று. 2020க்கும் 2024க்கும் இடையில் இங்குப் பதிவு பெற்றோர் தொகை ஏறத்தாழ 21 ஆயிரத்தாற் கூடியிருந்தும் ஆசனம் ஒன்று குறைந்தது என்பது கூர்ந்து நோக்கற்பாலது. பிற மாவட்டங்கள் இன்னும் விரைந்து வளர்ந்தன. பகிர்வு முறையிலே தான் வளர்வது போதாது. பிறர்க்கு ஈடாக வளர்தல் வேண்டும்.

இதே எண்கள் மற்றொரு பாடத்தையும் புகட்டுகின்றன. அது பதிவை எளிதாக்குக என்போர்க்குச் சற்றுக் கசப்பானது. 7 இலட்சத்துக்கு மேற்பட்ட அப்பழைய தொகையில் ஊரில் இல்லாதோர், நாட்டில் இல்லாதோர், உலகிலேயே இல்லாதோர் எனப் பலர் அடங்கியிருந்தனர். 2010 பாராளுமன்றத் தேர்தலில் வாக்களித்தோர் 23 வீதம் என்று பதிவாயிற்று. அதே வாக்குகளை மீளாய்வு செய்த இடாப்பினால் வகுத்தால் அது ஏறத்தாழ 35 வீதம் ஆகும். அக்கறையின்மை என்று அளக்கப்பட்டதில் ஒரு பகுதி இடாப்பின் பொய்ம்மையே. எளிதாகப் பெயர் ஏறும் இடாப்பு, பெயர் இறங்காத இடாப்பாகவும் இருக்குமாயின், அது ஆள்மாறாட்டத்துக்கு வழிகோலும் என்ற அச்சம் நியாயமானது. இந்த அச்சத்தை முன்வைப்போரை இளைஞரின் எதிரிகள் என்று தள்ளிவிடல் விமர்சனமாகாது. ஆனால் அவர்கள் வாதத்தில் ஒரு வழு உண்டு. கண்டிப்பான வீட்டு முறை, இல்லாதவரை நீக்குவதிற் பல்லாண்டு தவறியது. இருப்பவரைச் சேர்ப்பதில் இன்றும் தவறுகிறது. கண்டிப்பு உண்மைக்குக் காப்பு ஆகவில்லை.

ஆகவே வேண்டப்படுவது, பதிவை வீட்டிலிருந்து ஆளுக்கு மாற்றுதல். இதற்குப் புதிய பொறியொன்றும் தேவையில்லை. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர்க்கு அடையாள அட்டை வேண்டும். அதற்கான விண்ணப்பம் பாடசாலை அதிபர் வழியாகவே ஆட்பதிவுத் திணைக்களத்துக்குச் செல்கிறது. பிறந்த திகதி, முகவரி, ஒளிப்படம் யாவும் அரசின் கையில் உள. வாக்குச்சாவடியிற் காட்டத்தக்க ஆவணங்களுள் ஒன்றும் அந்த அட்டையே. அட்டையிற் கண்ட பிறந்த திகதிப்படி 18 வயதை அடையும் ஒருவருக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு நேரே அறிவித்தல் அனுப்பி, அவர் ஒப்பத்துடன் பதிவு செய்யுமாயின், தமக்கையாரின் தயக்கமும் தகப்பனாரின் ஊகமும் இடையில் வாரா. முகவரியைப் பின்னர் கிராம அலுவலர் சரிபார்க்கலாம். சேர்ப்பவர் அவராக இருக்க வேண்டியதில்லை, சோதிப்பவராக இருந்தாற் போதும். இல்லாதவரை நீக்கும் வேலைக்கும் அப்போது அவருக்கு நேரம் கிடைக்கும்.

இவ்யோசனை படித்த பிள்ளைகளை மனத்திற் கொண்டது என்ற கண்டனம் எழுமாயின் அதனை ஏற்றுக்கொள்ளவே வேண்டும். பாடசாலையை இடையில் விட்டவர்க்கு அடையாள அட்டை விண்ணப்பமும் கிராம அலுவலர் வழியாகவே செல்கிறது. கொழும்புத்துறை இறங்குதுறைப் பக்கத்தில், 14 வயதிலே பள்ளியை விட்டுத் தகப்பனோடு கடலுக்கு இறங்கியவனின் பெயர் எந்த அதிபரின் பட்டியலிலும் இராது. கிராம அலுவலர் படிவத்தோடு வரும் வேளையில் அவன் கடலில் இருப்பான், அல்லது இரவு முழுவதும் தொழில் செய்துவிட்டு உறங்குவான். அவனைப் பொறுத்தவரை பழைய வீட்டு முறையே இன்னும் நம்பத்தக்கது. படிவத்தைத் தாய் வாங்கி வைப்பாள். ஆதலால் புதியது வந்தாலும் பழையதைக் கைவிடுதல் ஆகாது. இரண்டும் சில ஆண்டுகள் அருகருகே நடைபெறுதல் வேண்டும். ஒன்று விட்ட பெயரை மற்றது பிடிக்கிறதா என்பதை ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே எதனை நிறுத்துவது என்ற கேள்வியை எடுக்கலாம்.