அப்பா பேசாமல் விட்ட வசனம்

'இன் த ஹைட்ஸ்' படம் 2021 ஜூனில் வந்தபோது கிளம்பிய சண்டை, தலை எண்ணும் சண்டையாகவே முடிந்துபோனது. கதை நடக்கும் வாஷிங்டன் ஹைட்ஸ், மன்ஹாட்டனின் வடக்கே டொமினிக்கன் மக்கள் நிறைந்த பகுதி. அந்தத் தெருக்களில் கறுத்த முகங்களுக்குப் பஞ்சமில்லை. படத்தின் முன்வரிசையிலோ பெரும்பாலும் வெளிர் நிறக்காரர்கள். கருந்தோல் லத்தீனோக்கள் பின்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். சில நாட்களிலேயே லின்-மானுவல் மிராண்டா மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

எண்ண வேண்டிய தலைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு உறுத்தியது வேறு.

2008-ல் பிராட்வேக்கு வந்த மேடை வடிவத்தில், நீனாவின் அப்பா கெவின் அவள் பென்னியைக் காதலிப்பதை ஏற்கமாட்டார். பென்னி அவரிடமே வேலை பார்ப்பவன், கறுப்பின அமெரிக்கன். கல்லாவை நம்பி ஒப்படைக்கலாம், மகளைக் கொடுக்க முடியாது. நம்ம ஆள் இல்லையே! படத்தில் இந்தப் பிணக்கை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். அதுக்குப் பதிலாக ஸ்டான்ஃபோர்டு வருகிறது. மேடையில் நீனா படிப்பை விடுவது பணமில்லாமல், வேலையும் படிப்பும் சேர்ந்து அழுத்தியதால். படத்தில் அவமானத்தால்: அறைத்தோழியின் நெக்லஸ் காணாமல் போக, இவளைச் சோதனை போடுகிறார்கள். லெஸ்லி கிரேஸ் அதை அடக்கமாக, நன்றாகவே சொல்கிறார். ஆனால் விளைவைப் பாருங்கள். நிறவெறி இப்போது ஊருக்கு வெளியே, வெள்ளைக்காரர்களின் விடுதியில் மட்டும் இருக்கிறது. நம்ம தெரு சுத்தம்.

லெஸ்லி கிரேஸ் ஆப்ரோ-லத்தீனப் பெண். அப்பாவாக வரும் ஜிம்மி ஸ்மிட்ஸ் வெளிர் நிறம். மேடையில் இருந்த அம்மா கமீலா படத்தில் இறந்துபோனவள். எனக்கு இதுதான் பெரிய இழப்பு. கரீபியக் குடும்பங்களில் ஒரு பெண் தன் நிறத்தை முதலில் தெரிந்துகொள்வது பல்கலைக்கழகத்தில் இல்லை. சீப்போடு பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம், பாட்டியிடம். சுருள்முடிக்கு அங்கே 'பேலோ மாலோ' என்று பெயர், அதாவது கெட்ட முடி. கறுப்பி என்று சொல்ல வாய் கூசினால் 'த்ரிகேன்யா', கோதுமை நிறத்தாள், என்பார்கள். (நாம் 'மாநிறம்' என்று சொல்லிச் சமாளிப்பதைப் போல.) நேராக்கிய முடியோடு ஊர் திரும்பும் நீனா பிறகு சுருளுக்கு மாறுகிறாள். வீடு அவளைத் தேற்றிவிட்டது என்று படம் நினைக்கிறது. அந்த முடியை முதலில் கெட்டது என்று சொன்னதும் இப்படியொரு வீடாக இருந்திருக்கலாமே?

1961-ன் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் போர்ட்டோ ரிக்கர்களாக நடித்தவர்களுக்கெல்லாம் ஒரே பழுப்பு மேக்கப் பூசினார்கள், போர்ட்டோ ரிக்கோவிலேயே பிறந்த ரீட்டா மொரேனோவுக்கும்கூட. நாங்கள் பல நிறத்தவர் என்று ஒப்பனைக்காரரிடம் வாதிட்டதை மொரேனோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு அந்த ஆள் அவரையே இனவெறி பிடித்தவரா என்று கேட்டாராம். அறுபது வருஷம் கழித்து உள்ளிருந்தே எழுதப்பட்ட படம் யாருக்கும் சாயம் பூசவில்லை. பேச்சை மட்டும் ஒரே நிறமாக்கிவிட்டது.

கெவின் மோசமான மனுஷன் இல்லை. மகளின் படிப்புச் செலவுக்காகத் தன் தொழிலையே விற்பவர். அதே வாயால் பென்னி வேண்டாம் என்று அவர் சொல்வதை, ஒரு கறுத்த மகள் எதிரே நின்று கேட்டிருக்க வேண்டும். ஸ்மிட்ஸால் அதை நடித்திருக்க முடியும். கிரேஸாலும்.