செலவுக் கணக்கில் ஒரு விதவை

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் வாழ்ந்து செத்த ஒரு சாதாரண விதவையின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து எழுதிவிட முடியுமா? முடியும் என்கிறார்கள் 'கீழிருந்து வரலாறு' எழுதுகிறவர்கள். காகிதத்துக்கு அங்கே பஞ்சமில்லை. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவுக்குப் பின், ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பாரிஷும் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. சரி, இந்தக் காகிதம் யாருடைய தேவைக்காக எழுதப்பட்டது? இதைக் கேட்காமல் உள்ளே நுழைகிற ஆய்வு, எவ்வளவு நல்லெண்ணத்தோடு வந்தாலும், கணக்குப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதாகவே முடியும்.

பதிவேட்டில் அவள் முதலில் இன்னாருடைய மகள். பிறகு இன்னாருடைய மனைவி. பிறந்த வீட்டுப் பெயர் அதோடு போயிற்று. அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டப்படி மனைவிக்குத் தனி ஆளுமை கிடையாது. அவள் சாமான் அவனுடைய சாமான். அவன் சம்மதமில்லாமல் அவள் உயில் எழுத முடியாது. இருபது முப்பது வருஷ மணவாழ்க்கையில் அவள் காகிதத்தில் தலைகாட்டுவது பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் மட்டும். பல பதிவேடுகளில் அதுவும் இல்லை, தகப்பன் பெயரோடு சரி. புருஷன் செத்தால்தான் சட்டத்தில் அவளுக்கு உயிர் வருகிறது. இனி அவள் சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், உயில் எழுதலாம். பல பண்ணைகளில் கணவனின் நிலத்தில் ஆயுசு வரை அவளுக்கு வழக்காற்று உரிமை உண்டு. மறுமணம் செய்தால் அது போய்விடும். சில இடங்களில் 'நடத்தை' தவறினாலும் போய்விடும். நிலத்தைக் கொடுத்த கையே அவள் உடம்பையும் கண்காணித்தது.

இது கொஞ்சம் வசதியுள்ளவள் கதை. ஒன்றுமில்லாதவளைப் பார்க்க வேண்டுமானால் ஏழைகள் மேற்பார்வையாளரின் கணக்குப் புத்தகத்துக்குப் போகணும். 1601ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும், அதற்கு வரி போட வேண்டும் என்றது. அந்த வரி செலவான விவரத்தில் 'விதவை இன்னார்' என்று வாரம் தவறாமல் வருகிறாள். முதல் பெயர் பல நேரங்களில் காணாமல் போய்விடுகிறது. மிஞ்சுவது செத்தவனின் குடும்பப் பெயர். 1697இல் வந்த சட்டம் உதவி வாங்குகிறவர்கள் வலது தோளில் சிவப்பு அல்லது நீலத் துணியில் 'பி' என்ற எழுத்தைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது. பாப்பர், அதாவது பரதேசி ஏழை, என்பதன் முதல் எழுத்து. எல்லா ஊரிலும் கறாராக நடக்கவில்லை என்றாலும் 1810 வரை அது சட்டத்தில் இருந்தது.

அதே கணக்கில் இன்னொரு சங்கதியும் கிடக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொண்டதற்கு, அநாதைக் குழந்தைக்குச் சோறு போட்டதற்கு, பிணத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தியதற்கு என்று ஏழை விதவைகளுக்கே பாரிஷ் காசு கொடுத்திருக்கிறது. ஊரின் பராமரிப்பு வேலை முழுக்க இவர்கள் தலையில்தான். ஆனால் புத்தகத்தின் தலைப்பு 'ஏழைகள் செலவு'. உழைப்பைத் தர்மமாக மாற்றிக் காட்டுவதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை, ஒரு தலைப்பு போதுமாக இருந்தது.

அவள் 'பேசுகிற' இடம் ஒன்று உண்டு. 1662ஆம் ஆண்டுக் குடியமர்வுச் சட்டத்தின்படி, செலவு யார் தலையில் என்று தீர்மானிக்க மாஜிஸ்திரேட்டுகள் விசாரிப்பார்கள். எங்கே பிறந்தாய், எங்கே வேலை பார்த்தாய், யாரைக் கட்டினாய்? கல்யாணத்தோடு புருஷனின் பாரிஷே மனைவியின் பாரிஷ். அதனால் அவள் ஒருநாளும் வாழ்ந்திராத ஊருக்கு, அவன் செத்த பிறகு அவளை வண்டியேற்றி அனுப்பலாம். விசாரணையின் முடிவில் படர்க்கையில் எழுதப்பட்ட சின்ன வாழ்க்கை வரலாறு. கீழே அவள் கைநாட்டாக ஒரு பெருக்கல் குறி. சுயசரிதைக்குப் பக்கத்தில் வருகிற ஒரே பிரதி இது. ஆனால் கேள்வி அவர்களுடையது, வாக்கியம் எழுத்தருடையது. அவளுடையது அந்தக் குறி மட்டும்.

அதிகாரத்தோடு மோதிய கணத்தில் மட்டுமே சாமானியர் வெளிச்சத்துக்கு வருகிறார்கள் என்று பூக்கோ 1977இல் எழுதினார். 1849இல் வங்காளத்தில் கருக்கலைப்பில் செத்துப்போன சந்திரா என்ற இளம் விதவையைப் பற்றி ரணஜித் குகா 1987இல் எழுதிய கட்டுரை, சட்டம் 'குற்றம்' என்று பதிந்த வாக்குமூலத்துக்குள்ளே பெண்களின் ஒருமைப்பாட்டைப் படித்துக் காட்டியது. இரண்டும் நமக்கு உதவுகின்றன. ஆனால் ஒரு படி மேலே போக வேண்டியிருக்கிறது. மோதாத காலத்தை என்ன செய்வது?

கணக்கில் ஏழெட்டு வருஷம் அவள் பெயரே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆய்வாளருக்கு அது 'இடைவெளி'. அவளுக்கோ அது யார் தயவும் இல்லாமல் ஓட்டிய காலமாக இருக்கலாம். நூல் நூற்றிருப்பாள், பொதுநிலத்தில் சுள்ளி பொறுக்கியிருப்பாள், அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் பொறுக்கியிருப்பாள், பக்கத்து வீட்டுக்காரி கடன் கொடுத்திருப்பாள். இவற்றை எழுதி வைக்க யாருக்கும் அவசியமில்லை. கதிர் பொறுக்குவது சட்டக் காகிதத்தில் ஏறுவது, அதைத் தடுக்க ஒருவன் வழக்குப் போடும்போதுதான். சஃபோக் பகுதியின் டிம்வொர்த் கிராமத்தில் மேரி ஹௌட்டன் என்ற பெண் பொறுக்கியது அப்படித்தான் வழக்காயிற்று. பொதுச் சட்டத்தில் அப்படியொரு உரிமையே கிடையாது என்று 1788இல் தீர்ப்பு வந்தது. பொதுநிலங்களை வேலிபோட்டு வளைத்தபோதும் பத்திரம் வைத்திருந்தவனுக்கு நஷ்டஈடு. வழக்கத்தால் மட்டும் பிழைத்தவளுக்கு ஒன்றுமில்லை. ஆவணம் இல்லாததால் உரிமை இல்லை என்றது அன்றைய சட்டம். ஆவணம் இல்லாததால் வாழ்க்கை இல்லை என்று இன்றைய வரலாறு சொன்னால் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

மனு எழுதிக் கொடுக்கிற, வாக்குமூலம் பதிவு செய்கிற, பாதிக்கப்பட்டவர்களின் பட்டியல் தயாரிக்கிற நம்மைப் போன்றவர்கள் இதை யோசிக்கத்தான் வேண்டும். நாம் கேட்கிற கேள்வியும் ஒருத்தியை அவளுடைய துயரத்தின் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. ஆகவே அந்த விதவையைப் பற்றி எழுதுகிறவர் அவளுக்குக் கற்பனையாக ஒரு குரல் கொடுத்து இடைவெளியை நிரப்ப வேண்டாம். கணக்கில் உள்ளதை யார் எழுதினார், எதற்கு எழுதினார் என்பதோடு சேர்த்து வைக்கட்டும். இல்லாத வருஷங்களை இல்லாத வருஷங்களாகவே, எண்ணிக்கையோடு, பக்கத்தில் வைக்கட்டும்.

செத்தவர் வீட்டுச் சாமான்களுக்கு விலை போட வந்த ஊர்க்காரர்கள் கட்டில், பித்தளைப் பானை, நூற்கும் ராட்டை என்று எழுதிக்கொண்டு போய், கடைசி வரியில் 'மறந்துபோன சாமான்கள்' என்று ஒன்றைச் சேர்த்து அதற்கும் சில பென்னி விலை போடுவதுண்டு. விட்டுப்போனது உண்டு என்று அவர்களாவது ஒப்புக்கொண்டார்கள்.